விளம்பரத்தில் சொன்ன சொல் வியாபாரியைக் கட்டுப்படுத்துமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் சமயம். அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் உள்ள என் மளிகைக் கடை வாசலில் ஒரு தட்டி வைத்தேன். "ஆயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்குவோருக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் இலவசம்" என்று அதில் எழுதியிருந்தது. சௌகார்பேட்டையில் மொத்த விலைக்கு ஆறு டஜன் டம்ளர் வாங்கி வைத்திருந்தேன். போகிக்கு முதல் நாள் இரவுக்குள் அத்தனையும் தீர்ந்துவிட்டது. தட்டியை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று கடையில் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வெங்கடாபுரத்திலிருந்து வழக்கமாக வரும் ஓர் அம்மாள் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்துக்குச் சாமான் வாங்கிவிட்டு டம்ளர் கேட்டார். "தீர்ந்து போச்சும்மா" என்றேன். அவர் சண்டை போடவில்லை. தட்டியைக் கைகாட்டி, "தீர்ந்து போச்சுன்னு அதுல எழுதலையே அண்ணாச்சி. இதுக்காகத்தானே நான் எங்க தெருக் கடையைத் தாண்டி இங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு டம்ளர்தானே என்று அன்று நினைத்தேன். பின்னர் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அந்த அம்மாளுக்கு நீங்கள் ஒரு டம்ளர் கடன்பட்டிருக்கிறீர்கள். நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, சட்டப்படியும் கடன்தான்" என்றார். விளம்பரம் என்பது வெறும் வாய்ச்சொல், அதைப் பிடித்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது எந்த அளவுக்குச் சரி, எந்த அளவுக்குத் தவறு என்பதை நமது உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

லண்டனில் ஒரு வழக்கு

இந்த விஷயத்தில் உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் முதலில் சொல்லித்தரப்படும் வழக்கு, லண்டனில் 1892-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த கார்லில் வழக்கு. அப்போது இங்கிலாந்தில் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் பரவியிருந்தது. கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற கம்பெனி, மூக்கில் வைத்து உறிஞ்சும் ரப்பர் பந்து ஒன்றைப் பத்து ஷில்லிங்குக்கு விற்றது. 1891 நவம்பரில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. பந்தைத் தினம் மூன்று வேளையாக இரண்டு வாரம் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் தருவோம் என்றது. இதில் எங்களுக்கு உள்ள அக்கறைக்கு அடையாளமாக அலையன்ஸ் பாங்கில் 1,000 பவுன் கட்டியிருக்கிறோம் என்றும் சேர்த்துச் சொன்னது.

திருமதி கார்லில் என்ற பெண்மணி அதை நம்பி ஒரு மருந்துக் கடையில் பந்தை வாங்கினார். நவம்பர் 20 முதல் அடுத்த ஜனவரி 17 வரை தினம் மூன்று வேளை பயன்படுத்தினார். காய்ச்சல் வந்துவிட்டது. 100 பவுன் கேட்டார். கம்பெனி மறுத்தது. விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்வார்கள், உலகத்தோடு யாராவது ஒப்பந்தம் போடுவார்களா, ஏற்றுக்கொண்டேன் என்று அந்தப் பெண்மணி எங்களுக்குத் தகவல் சொன்னாரா என்றெல்லாம் வாதாடியது.

மூன்று நீதிபதிகளும் கம்பெனியின் வாதத்தை ஏற்கவில்லை. வெறும் பெருமைப் பேச்சாக இருந்தால் பாங்கில் பணம் கட்டியதாக ஏன் சொல்ல வேண்டும்? உலகம் முழுவதற்கும் ஒரு வாக்குறுதி தரலாம். ஆனால் அதில் சொன்ன நிபந்தனையை யார் செய்து முடிக்கிறாரோ அவரோடுதான் ஒப்பந்தம் ஏற்படுகிறது. காணாமற்போன நாயைக் கண்டுபிடித்துத் தருவோருக்குப் பரிசு என்று அறிவித்தால், தேடிக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். "தேடப் போகிறேன்" என்று முன்கூட்டிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. அதுபோலத்தான் இதுவும் என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்த வழக்கில் கடைக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெண்மணி பந்தை வாங்கியது மருந்துக் கடையில். பணம் கொடுக்க வேண்டி வந்ததோ கம்பெனிக்கு. விற்றவர் தலையில் விடியவில்லை. வாக்குறுதி யாருடையதோ, கடன் அவருடையது. இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

நமது நாட்டுச் சட்டம்

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்தத் தீர்ப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1872-ல், இந்திய ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. இன்றும் நம் வியாபாரம் எல்லாம் அதன் கீழ்தான் நடக்கிறது. அதன் 8-ஆவது பிரிவு, ஒரு முன்மொழிவில் சொன்ன நிபந்தனையை நிறைவேற்றுவதே அதை ஏற்றுக்கொண்டதாகும் என்கிறது. என் தட்டியில் நிபந்தனை ஆயிரம் ரூபாய்க்கு மளிகை. அந்த அம்மாள் அதை நிறைவேற்றினார். அதோடு ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்தும் முத்திரைத் தாளும் அதற்குத் தேவையில்லை.

இந்த வகையில் நம் நாட்டிலேயே இரண்டு பழைய வழக்குகள் உண்டு. இரண்டும் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நடந்தவை, இரண்டும் காணாமற்போன பையன்களைப் பற்றியவை. 1913-ல் தீர்ப்பான வழக்கில், தேடப் போன வேலையாள் பையனைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் 501 ரூபாய் பரிசு என்று முதலாளி நோட்டீஸ் அடித்தார். பரிசு கேட்டு வேலையாள் வழக்குப் போட்டார். அறிவிப்பே தெரியாமல் செய்த வேலைக்குப் பரிசு கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1925-ல் தீர்ப்பான வழக்கில், 500 ரூபாய் பரிசு நோட்டீசைப் படித்திருந்த ஒருவர், பையனை அடையாளம் கண்டு போலீசில் ஒப்படைத்துத் தந்தைக்குத் தகவல் கொடுத்தார். அவருக்குப் பரிசு உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நமது சட்டப்படி மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். என்ன செய்தால் என்ன கிடைக்கும் என்று அறிவிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் அதை அறிந்திருக்க வேண்டும். சொன்னதைச் செய்து முடித்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தட்டியும் ஒரு கடன் பத்திரம்தான்.

விலைப்பட்டியல் வேறு, வாக்குறுதி வேறு

இதைக் கேட்டுவிட்டு யாரும் பயந்து போய்ப் போர்டுகளை எல்லாம் கழற்றிவிட வேண்டியதில்லை. கடையில் வைத்திருக்கும் பொருளும் அதன் மேல் எழுதிய விலையும் ஒப்பந்த முன்மொழிவு ஆகாது. "வாருங்கள், பாருங்கள், வியாபாரம் பேசுவோம்" என்று அழைப்பதாகவே சட்டம் அதைக் கொள்கிறது. வாடிக்கையாளர் பொருளை எடுத்துக் கல்லாவுக்கு வந்து பணம் நீட்டும்போதுதான் முன்மொழிவு பிறக்கிறது. நாம் வாங்கிக்கொள்ளும்போது ஏற்பு முடிகிறது. இங்கிலாந்தில் 1953-ல் ஒரு பெரிய மருந்துக் கடைக் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் இது உறுதியானது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது தனிச் சட்டம். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மொத்த வியாபாரிகளுக்குப் பயன்படும் தீர்ப்பு ஒன்று நமது உச்ச நீதிமன்றத்திலேயே உண்டு. 1951-ல் வந்தது. குடகு மடிக்கேரியில் ஒரு பங்களாவை வாங்க ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து கொடுக்க மாட்டேன் என்று உரிமையாளர் தரப்பிலிருந்து பதில் வந்தது. சரி, பத்தாயிரத்துக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்தது என்றார் வாங்குபவர். முடியவில்லை என்றது உச்ச நீதிமன்றம். இந்த விலைக்குக் குறைந்து தரமாட்டேன் என்பது, இந்த விலைக்கு உனக்குத் தருகிறேன் என்பது ஆகாது.

ஆகவே தினம் காலையில் "இன்றைய துவரம் பருப்பு ரேட்" என்று வாட்ஸ்அப்பில் போடும் மொத்த வியாபாரி அந்த ஒரு வரியால் மாட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் "இன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டுவோருக்கு இந்த ரேட்டில் 50 மூட்டை வரை உறுதி" என்று போட்டால் கதை வேறு. எண்ணிக்கையும் நேரமும் உறுதியும் வந்துவிட்டன. மார்க்கெட் ஏறிவிட்டது என்பதற்காக மாலை நாலரை மணிக்குப் பணத்தோடு வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்துக் கடை ஒன்று 1956-ல் இப்படித்தான் சிக்கியது. 139 டாலர் 50 சென்ட் மதிப்புள்ள ஒரு ரோமத் துப்பட்டாவை, சனிக்கிழமை காலை முதலில் வருவோருக்கு ஒரு டாலருக்குத் தருவதாக விளம்பரம் செய்தது. முதலில் வந்து நின்றவர் ஆண். "எங்கள் கடை விதிப்படி இது பெண்களுக்கு மட்டும்" என்று கடைக்காரர் மறுத்தார். விளம்பரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1957-ல் 138 டாலர் 50 சென்ட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டது. விளம்பரத்தில் இல்லாத நிபந்தனையை வாடிக்கையாளர் வந்து நின்ற பிறகு சேர்க்க முடியாது என்பதுதான் இதில் உள்ள பாடம். நம் கடைகளில் தினமும் நடப்பது இதுதானே? "அது ரொக்கத்துக்கு மட்டும்", "அது எண்ணெய் சேர்க்காமல் ஆயிரம் ரூபாய்க்கு" என்று பில் போட்ட பிறகு எத்தனை பேர் சொல்கிறோம்!

இதற்கு மாறாக, நம் தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் 2019 அக்டோபர் 16, உலக உணவு தினத்தன்று, ஒரு பிரியாணிக் கடை ஐந்து பைசா நாணயம் கொண்டுவரும் முதல் 100 பேருக்கு அரை பிளேட் பிரியாணி என்று அறிவித்தது. கூட்டம் அலைமோதியது. ஆனால் "முதல் 100 பேர்" என்ற சொல் இருந்ததால் 101-ஆவது ஆள் சட்டப்படி எதுவும் கேட்க வழியில்லை. தட்டியில் ஒரு எண் எழுதுவதால் எவ்வளவு பாதுகாப்பு என்று பாருங்கள்.

இரண்டு அண்மைத் தீர்ப்புகள்

2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சினிமா வழக்கில் தீர்ப்பளித்தது. 2016-ல் வெளிவந்த 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரங்களில் ஒரு பாட்டு திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. படத்தில் அது இல்லை. பிள்ளைகளோடு படம் பார்க்கப் போன ஓர் ஆசிரியை ஏமாற்றப்பட்டதாக நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்தார். மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொல்லின. தயாரிப்புக் கம்பெனியான யஷ் ராஜ் பிலிம்ஸ் மேல்முறையீடு செய்து ஜெயித்தது. முன்னோட்டக் காட்சி ஒருதலையானது, டிக்கெட் வாங்க ஆளைத் தூண்டுவது மட்டுமே அதன் வேலை, டிக்கெட் வாங்குவது தனி ஒப்பந்தம், பாட்டு இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, விளம்பரம் கட்டுப்படுத்தாது" என்று சொன்ன வியாபார நண்பர்கள் எனக்குத் தெரியும். அவசரப்பட வேண்டாம். கலை சம்பந்தப்பட்ட சேவையில் படைப்பாளிக்கு ஒரு சுதந்திரம் உண்டு, மற்றச் சேவைகளைப் போல அதை அளக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஒரு கிலோ உளுத்தம் பருப்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொரு வழக்கைப் பாருங்கள். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்வதற்கு முன் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023-ல் ஓர் உத்தரவு போட்டது. மணலியில் ஒரு கடையில் சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கியவர், உறையில் 16 பிஸ்கட் என்று அச்சிட்டிருந்தும் உள்ளே 15 மட்டுமே இருந்ததாகப் புகார் செய்தார். பிஸ்கட்டை எடை போட்டுத்தான் விற்கிறோம், எண்ணி விற்கவில்லை என்றது ஐ.டி.சி. கம்பெனி. உறையில் 76 கிராம் என்று இருந்தது. எடை போட்டுப் பார்த்ததில் அதுவும் 74 கிராம்தான் இருந்தது. உறையில் உள்ளதைப் பார்த்துத்தான் மக்கள் வாங்குகிறார்கள், இது நேர்மையற்ற வாணிபம் என்று சொல்லி 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கும்படி கம்பெனிக்கு ஆணையம் உத்தரவிட்டது. விற்ற கடைக்காரர் மேல் பொறுப்பு சுமத்தப்படவில்லை.

ஏறத்தாழ முக்கால் ரூபாய் பெறும் ஒரு பிஸ்கட்டுக்கு 1 லட்சம் ரூபாய்! கார்லில் வழக்கில் சொன்னதே இங்கும் நடந்தது. உறையில் எழுதியவர் பொறுப்பாளி, விற்றவர் அல்ல.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் விளம்பரம் ஒப்பந்தமா என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்கும் எண்ணமில்லாமல் அன்பளிப்பு அறிவிப்பது, சலுகை விலை என்று சொல்லிவிட்டு அந்த விலைக்கு விற்க எண்ணாதது, விலையில் சேர்த்துக்கொண்டே இலவசம் என்பது எல்லாம் நேர்மையற்ற வாணிபம். 2022 ஜூனில் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, அந்த விலைக்கு விற்கப் போதிய சரக்கு இருக்கிறது என்ற நியாயமான எதிர்பார்ப்பு இல்லாமல் தூண்டில் விளம்பரம் செய்யக் கூடாது. பொய் விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை போகும். விளம்பரத்தை நிறுத்தும்படி வியாபாரிக்கும் உத்தரவிடலாம். புகார்தாரர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்.

பரிசுக் குலுக்கல் என்ற புதைகுழி

சிலர் அன்பளிப்பை விட்டுவிட்டுக் குலுக்கலுக்குப் போகிறார்கள். "கூப்பனைப் பெட்டியில் போடுங்கள், ஸ்கூட்டர் வெல்லுங்கள்" என்று பண்டிகைக் காலத்தில் இப்போதும் சில இடங்களில் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் 1979-லேயே பரிசுத் திட்டங்களைத் தடை செய்து தனிச் சட்டம் வந்துவிட்டது. அகில இந்தியப் போட்டி விளம்பரங்களின் அடியில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் போடுவது அதனால்தான். சட்டத்துக்கு மாறான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது. எனவே பரிசு விழுந்தவரும் வழக்குப் போட்டு வாங்க முடியாது, நடத்தியவரும் தப்ப முடியாது. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர் என்பது வேறு, பலரில் ஒருவருக்குக் குலுக்கி ஸ்கூட்டர் என்பது வேறு. இந்த வேற்றுமையை நமது உறுப்பினர்கள் மறக்கக் கூடாது.

நமக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதிகள்

இதுவரை நாம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கைப் பற்றிப் பேசினோம். இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வியாபாரி வாக்குக் கொடுப்பவர் மட்டுமல்ல, வாக்கு வாங்குபவரும்கூட.

கம்பெனி டி.வி.யில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று விளம்பரம் போடுகிறது. சரக்கு நம் கடைக்கு வரும்போது பழைய பாக்கெட்டாக வருகிறது, இலவசம் வருவதில்லை. வாடிக்கையாளர் டி.வி.யோடு சண்டை போட முடியாது, நம்மோடு போடுகிறார். பல ஆண்டு வாடிக்கையை இழக்க மனமில்லாமல் நம் கையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறோம். சேல்ஸ்மேனைக் கேட்டால் "கிளைம் போட்டுடலாம் அண்ணாச்சி" என்கிறார். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அந்த சேல்ஸ்மேனே மாறிப் போயிருக்கிறார். புதியவர் "ஸ்கீம் முடிஞ்சு போச்சே" என்கிறார். சி.டி.எச். சாலை நெடுக எந்தக் கடையில் விசாரித்தாலும் இப்படி ஒரு கணக்கு நிலுவையில் இருக்கும். என் கடையிலும் ஒரு பேரேட்டுப் பக்கம் முழுக்க இருக்கிறது.

இதில் நமக்குள்ள சங்கடம் என்னவென்றால், மறுவிற்பனைக்கு வாங்குகிற வியாபாரி நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே கம்பெனி நமக்குக் கொடுத்த வாக்குறுதிக்காக நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. நமக்கு மிஞ்சியிருப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். "இத்தனை பெட்டி விற்றால் இவ்வளவு தள்ளுபடி" என்று கம்பெனி சுற்றறிக்கை அனுப்பினால், அதுவும் 8-ஆவது பிரிவில் வரும் வாக்குறுதிதான். பெட்டிகளை விற்றுத் தீர்த்தால் நாமும் திருமதி கார்லில்தான். ஆனால் அந்தப் பெண்மணி கையில் பத்திரிகை விளம்பரம் இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது? சேல்ஸ்மேனின் வாய்ச்சொல் இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் மட்டும் சொன்ன சொல் காப்பாற்று என்று நம்மைக் கட்டாயப்படுத்திவிட்டு, பெரிய கம்பெனிகளை மட்டும் சட்டம் விட்டுவிடுகிறதே என்று சில நண்பர்கள் மனம் நொந்து கேட்கிறார்கள். நொந்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறை சட்டத்தில் இல்லை. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அவர்கள் எழுத்தில் கேட்கிறார்கள், நாம் வாயில் கேட்கிறோம். வித்தியாசம் அவ்வளவே.

செய்ய வேண்டியவை

எனவே நமது சங்க உறுப்பினர்களின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, கடை வாசலில் எதையாவது தருவதாக எழுதினால் என்ன, எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் எழுத வேண்டும். "சரக்கு உள்ளவரை" என்ற இரண்டு சொல்லை நான் எழுதியிருந்தால் அந்த அம்மாள் முன் தலைகுனிந்திருக்க மாட்டேன். நிபந்தனை இருந்தால் வாக்குறுதி எழுதிய அதே மொழியில், படிக்கக்கூடிய எழுத்தில் எழுத வேண்டும். பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சிறிய எழுத்தில் பிடுங்குவது இப்போது செல்லாது.

இரண்டாவது, சலுகை முடிந்த அந்த நிமிஷமே தட்டியை எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் நிபந்தனையைச் செய்து முடிக்கும் வரைதான் வாக்குறுதியைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் முடிந்துவிட்டது என்று அதே குழுவில் போட வேண்டும். பிட் நோட்டீஸ் கொடுத்திருந்தால் கடை வாசலில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, "உலகத் தரம்", "ஊரிலேயே நம்பர் ஒன்" என்பதெல்லாம் பெருமைப் பேச்சு, ஒப்பந்தம் ஆகாது. ஆனால் "கலப்படம் என்று நிரூபித்தால் பத்தாயிரம் ரூபாய் பரிசு" என்று எழுதுகிறவர்கள் பத்தாயிரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதவும். அது கார்லில் விளம்பரத்தின் உடன்பிறப்பு.

நான்காவது, கம்பெனி ஸ்கீம் எதுவானாலும் கடிதமாகவோ, குறைந்தது சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப் செய்தியாகவோ வாங்காமல் நம் கையிலிருந்து ஒரு பைசாகூடக் கொடுக்கக் கூடாது. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தமும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. செய்தியை அழித்துவிடாதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வாடிக்கையாளர் கம்பெனி விளம்பரத்தைக் காட்டிக் கேட்டால், "இது கம்பெனி கொடுத்த வாக்கு, இதோ உறையில் அவர்கள் விலாசம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அது உங்கள் வாக்காகிவிடும்.

ஐந்தாவது, நமது சங்கம் வட்டார விநியோகஸ்தர்களை அழைத்துப் பேச வேண்டும். ஸ்கீம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, கிளைம் தீர்க்கும் தேதி ஆகிய மூன்றையும் தமிழில் அச்சிட்ட அட்டை ஒவ்வொரு கடைக்கும் தரப்பட வேண்டும் என்று கேட்க வேண்டும். தனி ஒரு கடைக்காரர் கேட்டால் சரக்கை நிறுத்துவார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்டால் அட்டை வரும்.

விளம்பரம் செய்யாமல் இன்றைக்கு வியாபாரம் இல்லை. அந்த ஸ்மோக் பால் கம்பெனிகூட தோற்ற பிறகு விளம்பரத்தை விட்டுவிடவில்லை. 1893-ல் பரிசை 200 பவுனாக உயர்த்தி, நிபந்தனைகளைக் கவனமாக எழுதி மறுபடி விளம்பரம் செய்தது. முன்பு 100 பவுன் அறிவித்தபோது ஆயிரக்கணக்கான பந்துகள் விற்றும் மூன்றே பேர்தான் பரிசு கேட்டார்கள் என்பதையும் அந்த விளம்பரத்திலேயே பெருமையாகப் போட்டுக்கொண்டது. தோல்வியையும் வியாபாரமாக மாற்றத் தெரிந்தவர்கள்! நாமும் விளம்பரம் செய்வோம். எழுதுவதற்கு முன் கணக்குப் பார்த்து எழுதுவோம்.

வெங்கடாபுரத்து அம்மாளுக்கு அடுத்த வாரமே சௌகார்பேட்டையிலிருந்து ஒரு டம்ளர் வாங்கி வந்து கொடுத்தேன். வேண்டாம் என்றார். "கடன் அம்மா, வாங்கிக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். இன்றும் மாதச் சாமான் என் கடையில்தான் வாங்குகிறார். எழுதிய சொல்லைக் காப்பாற்றுவது கோர்ட்டுக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டிய காரியம் அல்ல. ஆனால் கோர்ட் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நமக்குச் சொல்லப்பட்ட சொல்லைக் கேட்டு வாங்கவும் அதே கோர்ட் இருக்கிறது என்பதையும் உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.